லேண்ட் ரோவர் 109 பிக்கப்: பின் கமான் புஷ், சாக்கிள் போல்ட் எல்லாமே இறுக்கம். எங்கே கை வைப்பது?

ரிங்லெட்109 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேமரன் மலையில் அப்பா கோஸும் தக்காளியும் ஏற்றி ஓட்டிய லேண்ட் ரோவர் சீரிஸ் டூ ஏ, 109 அங்குல பிக்கப்பை முழுசாகப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். பாடி அலுமினியம் என்பதால் அதில் பெரிய சேதம் இல்லை. சேஸிஸ்தான் உள்ளிருந்தே அரித்துப் போயிருந்தது. ஒட்டுப் போட்டு, ஈப்போவில் ஒரு இடத்தில் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகம்) தொட்டியில் முக்கி எடுத்தாயிற்று. சாக்கிள் (கமானின் பின் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) பிளேட்டுகளுக்கு பவுடர் கோட்டிங். கமான் (பாரம் தாங்கும் பட்டை ஸ்பிரிங்) பழசுதான். பட்டை பட்டையாகப் பிரித்து, துரு தேய்த்து, திரும்ப அடுக்கி வைத்திருக்கிறேன்.

இப்போது பின் கமானை மாட்டப் போனால் எல்லாமே இறுக்கம். சேஸிஸ் குழாய்க்குள் புது ரப்பர் புஷ் (போல்ட் நுழையும் குழல்) ஏற மறுக்கிறது. சுத்தியலால் தட்டியதில் சாய்ந்து ஏற ஆரம்பித்தது, உடனே நிறுத்திவிட்டேன். சாக்கிள் போல்ட், மரை உள்ள பிளேட்டில் மூன்று நான்கு சுற்று கையால் போகிறது, அப்புறம் கல்லாக நிற்கிறது. கமானின் கண்ணிலும் (முனையில் சுருட்டிய வளையம்) ஒரு பக்கம் புஷ் ஏறுகிற மாதிரி தெரிகிறது, இன்னொரு பக்கம் வாயில் வைக்கக்கூட இடமில்லை. இரண்டு புஷ்ஷும் ஒரே பெட்டியில் வந்தவை.

கூட வேலை செய்யும் நண்பர், "துளையை ஒரு நூல் பெரிசாக்கிவிடு, எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும்" என்கிறார். டிரில்லைத் தொடும் முன் இங்கே கேட்கலாம் என்று நினைத்தேன்.

ஈப்போ லோரி எழுதியது:

தம்பி, நான் லோரிக் கமான் வேலை பார்க்கிறவன். உங்கள் நண்பர் சொல்வதில் தப்பில்லை. பித்தளை புஷ்ஷை அடித்து ஏற்றி, ரீமர் (துளையைத் துல்லியமாகப் பெரிசாக்கும் கருவி) விட்டு, உள்ளே போகும் இரும்புப் பின் கையால் சுழலும் அளவுக்குத் தளர்த்தி, கிரீஸ் நிப்பிள் வழியாக கிரீஸ் அடித்தால் வருஷக்கணக்கில் ஓடும். இறுக்கமாக விட்டால் அந்தப் பின் பிடித்துக்கொண்டு கமான் கண்ணே விரிசல் விடும். சுற்ற வேண்டிய இடம் சுற்றத்தானே வேண்டும்?

கோவை லேத் எழுதியது:

ஈப்போ அண்ணன் சொல்வது லோரிக்கு நூற்றுக்கு நூறு சரி. இந்த வண்டியில் அதைச் செய்தால் மாட்டியதெல்லாம் வீண். இரண்டும் வேறு வேறு ஏற்பாடு.

லேண்ட் ரோவர் சீரிஸில் இருப்பது இரட்டை இரும்புக் குழல் புஷ். வெளியே ஒரு குழல், உள்ளே ஒரு குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். வெளிக் குழல் கமான் கண்ணிலோ சேஸிஸ் குழாயிலோ அசையாமல் இறுகி உட்கார வேண்டும். உள் குழலைப் போல்ட்டும் இரண்டு சாக்கிள் பிளேட்டும் சேர்ந்து நசுக்கிப் பிடிக்க வேண்டும், அதுவும் சுற்றக்கூடாது. அப்படியென்றால் அசைவு எங்கே நடக்கிறது? ரப்பருக்குள். கமான் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பி வருகிறது. இரும்போடு இரும்பு உரசும் இடமே கிடையாது. அதனால்தான் கிரீஸ் நிப்பிளும் இல்லை.

துளையைப் பெரிசாக்கினால் வெளிக் குழல் குழாய்க்குள் சுற்ற ஆரம்பிக்கும். சேஸிஸ் குழாய் தேயும். புஷ் போனால் நாளைக்கே வேறு வாங்கலாம், சேஸிஸ் குழாய் போனால் வெட்டி வெல்டு வைக்க வேண்டும். கிரீஸ் பூசுவதும் ஆகாது. மினரல் கிரீஸ் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போய் ஒட்டு விடும்.

அதனால் தம்பி, முதலில் அளவு எடுங்கள். வெர்னியரில் சேஸிஸ் குழாயின் உள் விட்டத்தை நாலு திசையில், இரண்டு வாயிலும். புஷ்ஷின் வெளி விட்டம். கமானின் இரண்டு கண்களின் உள் விட்டம். அளவு பார்க்காமல் ரீமர் எடுக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

இன்னொன்று, கமான் கண்ணின் பக்கவாட்டு முகத்தை எமரி தாள் போட்டுத் தேய்த்து, கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். ஏறாத கண்ணை.

நுவரெலியா தோட்டம் எழுதியது:

போல்ட் விஷயத்துக்கு நான் வருகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லேண்ட் ரோவர் இருந்தது, அப்பா அதன் சாரதி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வாகனங்களில் மரைதான் பெரிய தலைவலி. 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரைக்கு ஒப்பந்தம் போட்டன. ஆனால் தொழிற்சாலைகள் ஒரே இரவில் மாறிவிடவில்லை. பழைய பிரிட்டிஷ் மரையான பி.எஸ்.எஃப்பும் ஒப்பந்தப்படி வந்த புது மரையான யு.என்.எஃப்பும் பல வருஷம் ஒரே வாகனத்தில் கலந்து வந்தன. போதாததற்கு, இத்தனை வருஷத்தில் எத்தனை கராஜ்காரர் எதை மாட்டினார்களோ.

9/16 அங்குலத்தை எடுத்துக்கொண்டால் பி.எஸ்.எஃப்பில் அங்குலத்துக்கு 16 மரை, யு.என்.எஃப்பில் 18. அரை அங்குலத்தில் 16க்கு 20. மரையின் கோணமும் வேறு, ஒன்று 55 பாகை, மற்றது 60. ஒன்றில் மற்றதைப் போட்டால் முதல் ஓரிரு சுற்று நல்ல பிள்ளையாகப் போகும், பிறகு பிடிக்கும். அங்கே ஸ்பேனருக்குப் பைப் மாட்டி இழுத்தால் பிளேட்டின் மரையே போய்விடும்.

உங்கள் புதுப் போல்ட் எங்கே வாங்கினீர்கள்? தலையில் என்ன குறி இருக்கிறது?

ரிங்லெட்109 எழுதியது:

அளவு எடுத்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் கேட்டது வீண்போகவில்லை.

சேஸிஸ் குழாய்: ஒரு திசையில் அளந்தால் ஒன்று, குறுக்கே அளந்தால் 0.3 மில்லிமீட்டர் குறைகிறது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் துத்தநாகம் மெழுகு வழிந்த மாதிரி ஒரு வரியாக உறைந்திருக்கிறது. வாய் ஓரத்தில் ஒரு சொட்டு.

போல்ட்: பக்கத்து ஹார்டுவேர் கடையில், பழைய போல்ட்டைக் காட்டி வாங்கியது. தலையில் 8.8 என்று இருக்கிறது. மரை கேஜ் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். பிளேட்டில் 18 பல் கச்சிதமாக உட்கார்கிறது. புதுப் போல்ட்டில் உட்காரவில்லை. அதில் 1.5 மில்லிமீட்டர் பல்தான் பொருந்துகிறது.

படமும் போட்டிருக்கிறேன்.

நுவரெலியா தோட்டம் எழுதியது:

8.8 என்றாலே மில்லிமீட்டர் போல்ட். உங்களுக்குக் கொடுத்தது 14 மில்லிமீட்டர், 1.5 மரை. 9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 18 மரை என்றால் ஒரு மரைக்கு 1.41. சுற்றுக்கு 0.09 வித்தியாசம் சேர்ந்துகொண்டே போய் நாலாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

இந்தப் போல்ட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. புஷ்ஷின் உள் குழலுக்குள் இது சுகமாக வழுக்கிக்கொண்டு போகும். "ஆகா, நன்றாகப் போகிறதே" என்று தோன்றும். 0.29 மில்லிமீட்டர் ஆட்டம் இருப்பதால்தான் அந்தச் சுகம். லேண்ட் ரோவர் சாமான் விற்பவரிடமே சாக்கிள் போல்ட் என்று கேட்டு வாங்குங்கள். மரை இல்லாத வழவழப்பான உடல் நீளமாக இருக்க வேண்டும். மரை முழுசும் வெட்டிய போல்ட், உள் குழலின் மேல் மரை விளிம்பில் நிற்கும். அதையும் ஏற்காதீர்கள்.

கோவை லேத் எழுதியது:

படம் பார்த்தேன். ஏறாத கண்ணின் முகத்தைப் பெரிசாக்கிப் பாருங்கள். உள் விளிம்பை ஒட்டி, தலைமுடி கனத்தில் ஒரு வட்டக் கோடு சுற்றிவரத் தெரிகிறதா? அந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பது கமான் இல்லை. பழைய புஷ்ஷின் வெளிக் குழல். ரப்பரும் உள் குழலும் போய், இது மட்டும் துருவேறிக் கண்ணோடு கண்ணாக ஒட்டியிருக்கிறது. இதற்குள் புதுப் புஷ் எந்தக் காலத்திலும் ஏறாது. இந்தத் துளையைத்தான் டிரில் போட்டுப் பெரிசாக்க இருந்தார்கள்!

எடுக்கும் விதம்: ஹாக்சா பிளேடைக் கழற்றிக் கண்ணுக்குள் விட்டு, மறுபடி சட்டத்தில் மாட்டுங்கள். பழைய குழலை நீளவாக்கில் ஒரு கோடாக அறுங்கள். முழுசும் அறுக்க வேண்டாம், காகித கனம் மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். பிளேடு கமான் கண்ணில் படக்கூடாது. கமான் எஃகில் ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்துதான் பின்னாளில் வெடிப்பு கிளம்பும். பிறகு மெல்லிய உளியை அந்த அறுப்பின் ஓரத்தில் வைத்து உள்பக்கமாக மடக்கினால் குழல் சுருண்டு கழன்று வரும். இரண்டு இடத்தில் அறுத்தால் இன்னும் சுலபம்.

சேஸிஸ் குழாயில் இருப்பது கால்வனைஸ் வழிசல். அரைவட்ட அரத்தால் அந்த வரியை மட்டும் எடுங்கள். துத்தநாகம் வெள்ளிப் பளபளப்பாக, மெத்தென்று அரம் பிடிக்கும். எஃகு தொட்டதும் அரத்தின் சத்தமே மாறும். அங்கே நிறுத்த வேண்டும். வாய் விளிம்பில் சுற்றிலும் சின்னதாக ஒரு சரிவு கொடுங்கள். புஷ் நேராக நுழைய அதுதான் வழிகாட்டும்.

ஈப்போ லோரி எழுதியது:

சரி, புஷ் விஷயம் எனக்குப் புரிந்தது. கோவைத் தம்பி விளக்கியது நல்லது. ஆனால் அரம் போட்டு உட்காருவதற்குப் பதில் குழாயை கேஸ் வைத்துச் சூடாக்கி, புஷ்ஷை ஐஸ் பெட்டியில் வைத்து ஏற்றினால் என்ன? பேரிங் எல்லாம் அப்படித்தானே போடுகிறோம்.

கோவை லேத் எழுதியது:

அண்ணே, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 12 மைக்ரான் சுருங்கும். ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழலை 40 டிகிரி குளிரவைத்தால் சுருக்கம் 0.02 மில்லிமீட்டர்கூட வராது. கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். 0.3 மில்லிமீட்டர் வழிசலை அது ஜெயிக்காது.

சூடு வேண்டவே வேண்டாம். கால்வனைஸ் செய்த இரும்பில் கேஸ் வைத்தால் துத்தநாகப் புகை வரும். அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் நிச்சயம். வெல்டர்கள் எல்லோருக்கும் தெரியும். கமான் கண்ணில் சூடு வைத்தால் பதம் போய்விடும். பதம் போன பட்டை பார்க்க அப்படியே இருக்கும், பாரம் ஏறினால் தளர்ந்து தொங்கும். கால்வனைஸ் தொட்டியே 450 டிகிரி. முக்கும் முன் ரிங்லெட் தம்பி சேஸிஸில் இருந்த பழைய புஷ்ஷை எடுத்திருக்கிறார், அதுவரை நல்லது.

ரிங்லெட் தம்பிக்கு: சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டு, இழுத்து ஏற்றும் ஒரு சாமானைச் செய்துகொள்ளுங்கள். நல்ல ஹைடென்சில் ஸ்டட் (தலையில்லாத, மரை வெட்டிய உறுதியான கம்பி) ஒன்று, இரண்டு நட். ஒரு பக்கம், புஷ்ஷின் வெளிக் குழல் விட்டத்துக்குச் சரியாகக் கடைந்த கனமான வாஷர். நடுவில் குடைந்து, உள் குழலையும் ரப்பரையும் தொடாமல் இருக்க வேண்டும். இது முக்கியம். உள் குழலைத் தள்ளினால் ரப்பரின் ஒட்டு அப்போதே கிழிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. மறுபக்கம், புஷ்ஷைவிடப் பெரிய துளையுள்ள ஒரு குழாய்த் துண்டு, சேஸிஸ் குழாயின் விளிம்பில் நிற்கும்படி. ஸ்டட்டின் மரைக்கு கிரீஸ், வெளிக் குழலின் வெளிப்பக்கத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய். ரப்பரில் படாமல்.

முதல் ஐந்து மில்லிமீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கால் சுற்று சுற்றி, மூலைமட்டம் வைத்து இரண்டு திசையில் பாருங்கள். சாய்ந்தால் பின்வாங்கி மறுபடி. நேராகப் பிடித்துவிட்டால் அப்புறம் ஒரே சீராகப் போகும். நடுநடுவே "டக்" என்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம், இறுக்கம் விட்டு விட்டு நகரும் சத்தம்தான். இரண்டு பக்கமும் சமமாக வெளியே தெரியும்படி நிறுத்துங்கள்.

தைப்பிங் மீனா எழுதியது:

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. பவுடர் கோட்டிங். நான் சீரிஸ் த்ரீ ஒன்றைக் கட்டியபோது இதில்தான் அதிக நேரம் போனது. பவுடர் ஒரு முகத்துக்கு 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். பிளேட்டின் உள் முகத்தில், துளையின் சுவரில், மரையில் என்று எல்லா இடத்திலும் படிந்திருக்கும். மரையில் இருந்தால் சரியான போல்ட்டும் இறுகும், அதைத் தப்பான போல்ட் என்று நினைத்துவிடுவோம். 18 மரைக்கான டேப் (மரை வெட்டும் கருவி) ஒன்றைக் கையால் மட்டும் விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

துளைச் சுவரில் இருப்பதைச் சுரண்டி எடுங்கள். உள் குழல் வந்து முட்டும் வட்டத்தில் கோட்டிங் இருக்கவே கூடாது. கோட்டிங் மேல் வைத்து முறுக்கினால் முதல் நாள் கச்சிதமாக இருக்கும். ஓட ஓட அந்தப் பிளாஸ்டிக் நசுங்கி, பிடி தளர்ந்து, உள் குழல் சுற்ற ஆரம்பிக்கும். எனக்கு அந்த இடத்தில் வெற்று எஃகும் மெல்லிய பிரைமரும்தான் பிடிக்கும்.

பாலியூரித்தேன் புஷ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை, கையாலேயே ஏற்றலாம் என்று அடுத்து யாராவது எழுதுவார்கள். உண்மைதான், சுலபம். ஆனால் அது ரப்பர் போல ஒட்டி முறுக்கும் வகை இல்லை, உரசிச் சுற்றும் வகை. அதற்கென்று உள்ள கிரீஸ் வேண்டும், கேமரன் மாதிரி மழையும் சேறும் உள்ள இடத்தில் கிறீச்சிடும். காய்கறி ஏற்றப்போகிற வண்டிக்கு நான் ரப்பரையே போடுவேன். பாலி போட்டாலும் அந்தப் பழைய குழலை எடுக்கத்தான் வேண்டும்.

ரிங்லெட்109 எழுதியது:

பழைய குழல் வந்துவிட்டது! உளி வைத்ததும் வாழைச் சருகு போலச் சுருண்டது. மூன்று புஷ்ஷும் ஏறிவிட்டன. போல்ட் கோலாலம்பூரிலிருந்து வரவழைத்தேன், நாலைந்து வெள்ளி (ரிங்கிட்) அதிகம்தான், ஆனால் கையாலேயே கடைசி வரை போகிறது.

இப்போது கமானின் முன் முனையை மாட்டிவிட்டேன். ஆக்சில் ஜாக்கியின் மேல் இருக்கிறது. பின் முனையில் சாக்கிளின் துளையும் கமான் கண்ணும் ஒரு விரல் அகலத்துக்குச் சேரவில்லை. கடப்பாரை வைத்து நெம்பலாமா?

ஈப்போ லோரி எழுதியது:

இது என் ஏரியா. நெம்ப வேண்டாம் தம்பி. கமான் வளைந்திருக்கும்போது நீளம் குறையும், நிமிரும்போது கூடும். அந்த ஒரு விரல் அதனால் வந்தது. கமானை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகளைக் கழற்றாமல், நட்டை மட்டும் தளர்வாக வையுங்கள். கமானின் நடுப் போல்ட் தலை, ஆக்சில் மேடையின் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது வெளியே நின்றால் எத்தனை நெம்பினாலும் சேராது.

உட்கார்ந்திருந்தால், சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்குக் கீழே ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கமான் நிமிர நிமிரப் பின் கண் பின்னால் நகரும். சாக்கிளைக் கையால் ஆட்டிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் துளை துளையோடு சேரும். கூம்பு முனைக் கம்பியை விட்டு நேராக்கிவிட்டுப் போல்ட்டை மறுபக்கத்திலிருந்து விடுங்கள், கம்பி தானாக வெளியே தள்ளப்படும். துளை சேர்ந்ததா என்று விரலை விட்டுப் பார்க்காதீர்கள். ஜாக்கி ஒரு நூல் இறங்கினால் விரல் இருக்காது. எங்கள் ஒர்க்ஷாப்பில் புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்வது இது.

போல்ட்டின் வழவழப்பான உடலில் செம்பு கிரீஸ் லேசாகப் பூசுங்கள். இதை ரப்பருக்காகச் சொல்லவில்லை. அடுத்த முறை கழற்றுபவர் போல்ட்டை அறுக்க வேண்டி வராமல் இருக்க.

கோவை லேத் எழுதியது:

அண்ணன் சொன்ன வரிசையேதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எல்லாப் போல்ட்டையும் மாட்டுங்கள், எதையும் இப்போது இறுக்கிவிடாதீர்கள். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது கமான் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இறுக்கினால் உள் குழல் அந்தக் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். சக்கரம் தரையில் பட்டு வண்டி உட்கார்ந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியே நிற்கும். அதற்கு மேல் குழியில் விழுந்தால் இன்னும் முறுக்கும். சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டியும் தன் சரியான உயரத்துக்கு இறங்காது.

சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, பின்பக்கத்தில் நின்று நாலு தரம் அழுத்தி ஆட்டி, கமான் தன் இடத்துக்கு வந்த பிறகு இறுக்குங்கள். முதலில் போல்ட்டை மரை பிளேட்டில் இறுக்கி உள் குழலைப் பிடிக்க வைத்து, அப்புறம் வெளியே பூட்டு நட். நட்டை மட்டும் இழுத்து இறுக்கினால் பிளேட் பிடித்த மாதிரி இருக்கும், உள் குழல் பிடித்திருக்காது.

ரிங்லெட்109 எழுதியது:

வண்டி தரையில் நிற்கிறது. இரண்டு பக்கமும் மாட்டி, தரையில் வைத்தே இறுக்கிவிட்டேன். பின்பக்கத்தை அழுத்தினால் சத்தமே இல்லாமல் இறங்கி ஏறுகிறது. ஒரே ஒரு சந்தேகம்: காலியாக நிற்கும்போது ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் உயர்ந்து தெரிகிறது. எங்காவது இன்னும் இறுக்கமாகப் பிடித்திருக்கிறதா?

நுவரெலியா தோட்டம் எழுதியது:

பயம் வேண்டாம். இந்த வாகனத்தில் வலது, இடது கமான் ஒன்றில்லை. நம் நாடுகளில் ஓட்டுநரும் வலப்பக்கம், பெட்ரோல் தொட்டியும் ஓட்டுநர் ஆசனத்துக்குக் கீழே. அந்தப் பாரத்துக்காக வலப்பக்கக் கமானுக்கு வளைவு கூட வைத்திருப்பார்கள். தொட்டி காலியாக, ஆசனத்தில் ஆள் இல்லாமல் பார்த்தால் வலது உயர்ந்துதான் நிற்கும். தொட்டியை நிரப்பி, நீங்கள் ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் சாய்வு இருந்தால் கமான் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

ரிங்லெட்109 எழுதியது:

அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, தொட்டியும் நிரப்பி அளந்தேன். இரண்டு பக்கமும் சமம்.

ஈப்போ லோரி எழுதியது:

நல்லது. பாரம் ஏற்றும் முன் ஒரு நாள் காலியாக மலைப் பாதையில் ஓட்டிவிட்டு வந்து, யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதுசாக அடுக்கிய பட்டைகள் ஓட்டத்தில் ஒன்றோடொன்று படிந்து உட்காரும், நட்டு எப்படியும் கொஞ்சம் இடம் கொடுக்கும். நாலையும் குறுக்கு வரிசையில் சமமாக இறுக்குங்கள். முன் கமானை ஆரம்பிக்கும்போது இதே இழையில் எழுதுங்கள் தம்பி, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.